ஐஸில் வைக்காத ரத்தம்

காரைக்குடியில் அந்த ஆய்வகத்துக்குள் நுழைந்த எவரும் மீனலோசனியிடம் ஏச்சு வாங்காமல் தப்பியதில்லை. பத்தொன்பது வருடமாக அங்கே டெக்னீஷியன். ரத்தக் குழாயை ஐஸிலிருந்து வெளியே எடுத்து வைத்தால் போதும், "உள்ள வைங்க அதை" என்று ஓர் அதட்டல். காரணம் இருந்தது. நம் உடம்பில் டி.என்.ஏ. தினமும் தானாகவே காயப்படுகிறது, மூச்சுவிட்டாலே போதும். அந்தக் காயத்தைத் துணுக்குத் துணுக்காக எடை பார்த்துச் சொல்லும் எந்திரம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். ஆனால் வெளியே எடுத்த ரத்தத்தில் சூடும் காற்றும் பட்டால் அதே காயம் புதிதாக விழும். எது உடம்பில் பட்டது, எது மேசையில் பட்டது என்று எந்திரத்துக்குப் பிரிக்கத் தெரியாது.

அவள் கணவர் வீரணன், கண்டரமாணிக்கத்தில் ஊரார் வயலுக்கெல்லாம் பூச்சிமருந்து அடித்தவர். மருந்து நெடி தலைக்கேறித் தள்ளாடித் தள்ளாடி வீடு வருவார். குடிகாரன் என்றது ஊர். ரத்தப் புற்றில் போய்ச் சேர்ந்தபோது, குடித்தே செத்தான் என்றது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதுகூடப் போகட்டும். பெற்ற மகன் விக்கியும் அதையே நம்பினான். அதுதான் அவளை அறுத்தது.

நோய் தெரியுமுன், மருந்தடிப்பவர்களைப் பற்றிய ஆய்வுக்கு வீரணன் கொடுத்த ரத்தம் ஒரே ஒரு குழாய் உறைபெட்டியில் கிடந்தது. ஆய்வை நடத்தும் ஜனனி முன்கூட்டியே சொன்னாள்: "எதால செத்தாகன்னு இது சொல்லாதுக்கா. காயம் எவ்வளவுன்னுதான் சொல்லும்."

"அது போதும் மேடம். மருந்து அவரை என்ன பாடு படுத்துச்சுன்னு என் மகன் பாக்கணும்."

மறுநாள் காலை குழாயை எடுத்தாள். அவர் போய் மூன்று வருடத்துக்குப் பிறகு அவரிடமிருந்து அவள் கைக்கு வந்தது அதுதான். பாவி மகள், ஐஸில் வைக்க மனசு வரவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். "குளுருதா" என்றுகூடக் கேட்டாள். ரத்தம் உருகி வெதுவெதுப்பாகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

எந்திரம் காட்டிய காயத்தின் எண் மற்ற மருந்தடிப்பவர்களைவிட ஐந்து மடங்கு. ஜனனிக்கு வியப்பு. "ஐஸ்லதானேக்கா வச்சிருந்தீக?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

"இல்ல மேடம். கையில வச்சிருந்தேன்."

வேறு குழாய் இல்லை. அந்த எண்ணை அவளே சிவப்பு மையால் கோடு போட்டு நீக்கினாள்.

சாயங்காலம் வீட்டில் விக்கி கேட்டான்: "அப்பா ரத்தத்துல என்னம்மா வந்துச்சு?"

"கெட்டுப்போச்சுப்பா. நாந்தான் கெடுத்துட்டேன்."

அவன் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்: "விடும்மா. அப்பாவுக்காக இன்னும் எத்தனை நாளைக்குத்தான் பொய் சொல்லுவ."