பிரான்சில் மணந்த ஏலக்காய்

போடியில் ஏலக்காய் வியாபாரம் எனக்கு. காலையில் கடைவாயில் ஒரு காயை ஒதுக்காவிட்டால் எனக்குப் பொழுதே விடியாது.

போன வருடம் பிரான்சில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது, நானும் மனைவியும் பக்கத்துக் கிராமத்து ஒயின் திருவிழாவுக்குப் போனோம். ஒயின்காரர் ஒருவர் கிளாஸை நீட்டி, என்ன மணம் வருகிறது என்று செல்போனில் மொழிபெயர்த்துக் கேட்டார். போடிமெட்டு இறங்கி வரும் காயை மூட்டை பிரிக்கும் முன்பே ரகம் சொல்கிற மூக்கு என்னுடையது. என்னிடமா கேள்வி? ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏலக்காய்" என்றேன்.

மனிதர் அசந்துபோனார். தானும் குடித்துக் கண்ணை மூடித் தலையாட்டினார். பலகையில் சாக்பீஸால் 'ஏலக்காய் மணம்' என்று எழுதியே விட்டார். கூட்டம் வரிசை கட்டியது. குடித்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

"வாயில என்னத்த மெல்லுறீங்க?" என்றாள் மனைவி.

நாக்கால் துழாவினேன். காலையில் போட்ட காய்.

"உண்மையச் சொல்லிப்புடவா?"

"பேசாம இருங்க. அந்த அண்ணே எம்புட்டுச் சந்தோசமா இருக்காரு!"

அதற்குள் அவர் இன்னொரு பாட்டிலோடு வந்துவிட்டார். இதில் என்ன மணம் என்று கேட்டார். நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். மனைவி கைப்பையைக் கிளறி ஒரு கிராம்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"வெரசா இதப் போடுங்க."