மெய் லிங்கின் கேள்வி

காகிதம் எரிகிற கருகல் வாடையும் செம்பனை எண்ணெய் ஆலைப் புகையும் கலந்து வீசிய ஒரு சாயங்காலத்தில், சாஆ என்கிற சிற்றூரில், எங்கள் ‘தாமான்’ குடியிருப்பில், பக்கத்து வீட்டு மெய் லிங்கின் இறந்துபோன தம்பிக்காக அவள் வீட்டார் சீனர் வழக்கப்படி காகிதத்தால் செய்த ஒரு மாடி வீட்டை எரித்தார்கள். ‘டெங்கி’ காய்ச்சலில் போன பையன். பள்ளிக்கூடம் போகும் வயதுகூட ஆகவில்லை.

சில நாள் கழித்து, பள்ளி விட்டு வரும்போது, தம்பி இப்போது எங்கே இருப்பான் என்று மெய் லிங் என்னிடமும் எதிர்வீட்டு ஆயிஷாவிடமும் கேட்டாள். வேறெங்காவது பிறப்பான் என்றேன் நான். சின்னப் பிள்ளைகள் நேரே சொர்க்கம் போய்விடுவார்கள் என்றாள் ஆயிஷா. எரித்த வீட்டில் குடியிருப்பதாக அப்பா சொல்கிறாரே என்று மெய் லிங் குழம்பினாள். தீராமல் பள்ளிக்கே திரும்பி அறிவியல் ஆசிரியரிடம் போனோம். பொருள் அழியாது, உருமாறும் என்றார். உருமாறினால் நம்மை ஞாபகம் இருக்குமா என்று வீடு வரும்வரை மலாய் மொழியில் சண்டை போட்டோம். தம்பி போன பிறகு அவள் வாய் திறந்து பேசியது அப்போதுதான்.

நான் சொன்னதை மெய் லிங் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். மறுநாள் அவர் எங்கள் வாசலில், செத்துப்போன மகனின் சட்டையோடு நின்றார். என் அம்மா அப்போது நிறைமாதம்.

“உன் மக சொன்னது நிஜமா? இங்க வருவானா?”

அம்மா அவர் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார். “தெரியல அக்கா. வந்தா நல்லா பாத்துக்குவேன்.”

சட்டையை வாங்க அம்மா கை நீட்டியபோது அப்பா குறுக்கே வந்து, வேண்டாம் என்று பணிவாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். “அடுத்தவங்க சாமி விஷயத்துல தலையிட்டா வம்பு வந்து சேரும்” என்பது அவர் வாக்கு. ஆயிஷா வீட்டிலும் அதையே வேறு வார்த்தைகளில் சொல்லியிருக்க வேண்டும்; மூவரும் தனித்தனியாகப் பள்ளிக்குப் போகத் தொடங்கினோம். எனக்குத் தங்கை பிறந்தாள். மெய் லிங்கின் அம்மா வந்து பார்க்கவில்லை. அவள் அப்பாவுக்கு மூவார் நகரில் நாற்காலி செய்யும் வேலை கிடைத்து, அவர்கள் வீட்டைக் காலிசெய்து போனார்கள்.

இன்று ஸ்கூடாயில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் தத்துவம் நடத்துகிறேன். இயற்பியல்காரர்கள், மருத்துவர்கள், சமயத்துறையினர் என்று பலரும் கூடும் கருத்தரங்குகள் நடக்கின்றன. மரணத்தைப் பற்றிக்கூட எல்லாரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். யாரும் யாரையும் மறுப்பதில்லை, யாருக்கும் பதில் அவசரமில்லை. முடிந்ததும் மலாய்க்காரர்கள் ஒரு மேசை, சீனர்கள் ஒரு மேசை என்று சாப்பிட உட்காருகிறோம். எங்கே உட்காருவது என்று நானும் யோசிப்பதில்லை. தமிழ்ப் பேச்சு கேட்கும் பக்கம் கால்கள் தாமாகப் போய்விடுகின்றன.