பின்சீற்றில் கேட்கும் சத்தம்

காரில் பெற்றோல் பம்பு ஒழுங்காக வேலை செய்யும்வரை அப்படியொன்று இருப்பதே ஒருவருக்கும் தெரியாது. பழுதாகத் தொடங்கினால் பின்சீற்றில் இருப்பவருக்கு மட்டும் தெரியும்.

பம்பு என்றதும் பெற்றோல் அடிக்கும் செட்டை நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது பின்சீற்றுக்குக் கீழே, தாங்கிக்குள் மூழ்கிக் கிடந்து எஞ்சினுக்குப் பெற்றோல் தள்ளிவிடும் சின்ன மோட்டரை. ஏதாவது நோவு வந்தால் அது முனகும். கார் வைத்திருந்து அவதிப்படும் உங்களுக்கு மிச்சக் கதையை நான் சொல்லத் தேவையில்லை. வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது முனகும், வாகனம் நெரியும் காலி வீதி முழுக்க முனகும், கராஜ் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் கப்சிப். மெக்கானிக் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பான். அப்படிப் பார்க்கும் மெக்கானிக்குகளில் நானும் ஒருவன்.

காது போன கதை

நான் கொட்டாஞ்சேனைக்காரன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கும் கராஜில் வேலை. எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் பகுதி, அதிலும் பம்புச் சத்தம் என்றால் என்னிடம்தான் அனுப்புவார்கள். கிரைண்டருக்கும் கொம்பிரசருக்கும் பக்கத்திலேயே இத்தனை காலம் நின்றதில் போன வருடம் காது போய்விட்டது. முழுக்கப் போகவில்லை. ஆட்கள் கதைப்பது கேட்கும், லொறி வருவது கேட்கும், மெல்லிய கீச்சுச் சத்தங்கள் மட்டும் இனிக் கேட்காது என்றார் டொக்டர். பம்பு முனகுவது சரியாக அந்த மெல்லிய சத்தத்தில்தான். அன்றைக்கு பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது கண் கலங்கிவிட்டது. பயந்துபோனேன் என்பதுதான் உண்மை.

அடுத்த நாள் காலையில் நானே போய் முதலாளியிடம் சொன்னேன். ஒளித்து வைத்து வேலை செய்ய எனக்கு என்ன தலைவிதி? முதலாளி சிவநேசன் அண்ணை நல்ல மனுசன். நல்ல மனுசன் என்பதால்தான் பிரச்சினையே. "கவுண்டரில இரும், ஏசியும் இருக்கு" என்றார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பில் போடும் வேலை. கையில் எண்ணெய் படாத வேலையை நான் வேலை என்று நினைப்பதில்லை. முடியாது என்றேன். கையால் தொட்டுப் பார்த்தே பம்பின் நோவைச் சொல்லுவேன், ஒரு காரை, ஒரேயொரு காரைப் பிழையாகச் சொன்னால் அன்றைக்கே கவுண்டருக்கு வருகிறேன் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "உமக்குக் காதுதான் போச்சுது எண்டு நினைச்சன், யூஜின். வாய் முந்தினதை விடக் கூடிப்போச்சு."

வாயால் போட்டுக் காட்டவும்

மட்டையொன்றில் தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக எழுதித் தூணில் தொங்கவிட்டேன்: 'எனக்குக் காது குறைவு. உங்கள் காரின் சத்தத்தை வாயால் போட்டுக் காட்டவும்.' ஆட்கள் வாயால் போடும் சத்தம் எனக்குக் கேட்கும். தொடர்ந்து இழுத்தால் ஒரு நோவு, விட்டு விட்டு வந்தால் இன்னொரு நோவு. அதைக் கேட்டுக்கொண்டு பின்சீற்றைத் தூக்கி, பம்பு மூடியில் உள்ளங்கையை வைத்து, காரின் திறப்பைப் போட்டுத் திருப்பச் சொல்லுவேன். மிச்சத்தைக் கை சொல்லும்.

முதலில் அகப்பட்டவர் ஒரு வங்கி அதிகாரி. மட்டையை வாசித்துவிட்டுக் கழுத்து ரையைச் சரிசெய்தார். "ஒருவகையான அசாதாரண ஒலி" என்றார். அது எப்படியிருக்கும் என்றேன். "மிகவும் அசாதாரணமான ஒலி" என்றார். அவருக்கு வாயைத் திறக்க வெட்கம். காரின் பின்பக்கத்திலிருந்து அவருடைய மனைவி இறங்கி வந்தார். முன்சீற் எப்போதும் மாமியாருக்காம், அதனால் இவருக்குக் கலியாணம் கட்டிய நாளிலிருந்து பின்சீற்தான். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு 'ங்ஈஈஈ' என்று ஒரே மூச்சில் இழுத்தார். பக்கத்துச் சீலைக்கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்படியொரு சுத்தமான பம்புச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தாங்கியைப் பார்த்தால் அடியில் கொஞ்சம் பெற்றோல்தான். பம்பு குளிர்ந்திருப்பதே பெற்றோலில் மூழ்கியிருப்பதால்தான். ஐயா எப்போதும் சொட்டுச் சொட்டாக அடித்து ஓடுகிறவர், பம்பு சூட்டில் கத்துகிறது. இந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்கவில்லையா என்று ஐயாவிடம் கேட்டேன். மனைவிதான் பதில் சொன்னார்: "என்ர சத்தமே இவருக்குக் கேக்கிறேல்ல, பம்பின்ர சத்தம் எங்க கேக்கப்போகுது."

செவ்வாய்க்கிழமைத் தீர்த்தம்

பிலோமினா அன்ரி எங்கள் கொட்டாஞ்சேனைப் பக்கம். மகன் எயார்போட்டுக்கு ஆட்களை ஏற்றி ஹயர் ஓடுகிறவன். மகனின் கார் விக்கல் எடுப்பதுபோல் விட்டு விட்டு முனகுகிறது என்று அவரே மகனையும் காரையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தார். சத்தத்தை அன்ரி போட்டுக் காட்டிய விதத்தில் அவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும்போல் எனக்கு இருந்தது. பம்பில் கையை வைத்தேன். ஓடியது, இடறியது, மறுபடி ஓடியது. தாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் இழுத்துக் கண்ணாடிப் போத்தலில் விட்டேன். மேலே பெற்றோல், கீழே பளிங்குபோலத் தண்ணீர்.

பெற்றோல் செட்டில்தான் கலந்துவிட்டார்கள் என்று மகன் கொதித்தான். சண்டைக்குப் போகத் திறப்பையும் எடுத்துவிட்டான். அன்ரி மட்டும் போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக என்னை ஒரு பக்கம் கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமை வேதக்கோவில் பூசைக்குப் போய் வரும்போது தீர்த்தம் கொண்டுவருவாராம். முதலில் காரின் மேல் தெளித்திருக்கிறார். இராப்பகலாக ஓடுகிற பிள்ளை, வெளியே தெளித்தால் மழைக்குப் போய்விடும், உள்ளே விட்டால்தான் நிற்கும் என்று நினைத்து ஒவ்வொரு செவ்வாயும் ஒரு சின்னப் போத்தலைத் தாங்கிக்குள் ஊற்றியிருக்கிறார். நானும் அதே கோவிலுக்குப் போகிறவன்தான். தீர்த்தத்தில் பிழை ஒன்றும் இல்லை அன்ரி, பம்புக்குத்தான் தண்ணீர் கூடாது என்றேன். ஆனால் அன்ரி அசைவதாக இல்லை: "அப்ப இனி முன்கண்ணாடி கழுவுற வைப்பர்த் தண்ணிக்குள்ள விடுறன். அதையும் கூடாதெண்டு நீர் சொல்லேலாது."

புறக்கோட்டை நானாவின் ரெக்கோர்டிங்

மட்டையைப் பார்த்துக் கோபப்பட்டவர்களும் உண்டு. புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்யும் முஸ்லிம் நானா ஒருவர் வேனை நிறுத்திவிட்டு நேராக முதலாளியிடம் போய், காது கேளாத ஆளிடமா சத்தம் பார்க்கக் கொடுப்பது என்று சண்டை பிடித்தார். எனக்கு அது நன்றாகவே கேட்டது. அவர் வாயால் போடமாட்டார், போனில் பதிந்து கொண்டு வந்திருக்கிறார். கராஜில் இருந்த எல்லோரும் போனைச் சுற்றி நின்று கேட்டார்கள். கிரிக்கெட் வர்ணனை, அதன்மேல் நானா யாருக்கோ விலை சொல்வது, நடுவில் ஏதோ ஒன்று. பம்புதான் என்றார் ஒருவர். இல்லை, பெல்ட் என்றார் இன்னொருவர்.

நான் போனைத் தொடவேயில்லை. வேனின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டு ஓடச் சொன்னேன். பம்பு மூடியில் வைத்த கைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் மூடிக்கு மேலிருக்கும் தகரம் கடகடவென்று ஆடியது. துணிக் கட்டுகளைத் தூக்கித் தூக்கிப் போட்டதில் அதன் ஆணிகள் கழன்று போயிருந்தன. இறுக்கிவிட்டேன். பம்பை மாற்றவில்லை. நானா இரண்டு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு வந்து, வேனிலிருந்து இறங்காமலே சொன்னார்: "கேக்குற மூணு பேர்ட்ட காட்டின, மூணு பேரும் பம்ப் மாத்தின. கேக்காத நீங்கதான் மாத்தாம அனுப்புறீங்க."

டீச்சரின் கார்

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அப்போதுதான் ஹெவ்லொக் டவுனிலிருந்து வசந்தி டீச்சர் வந்தார். கணக்கு டீச்சர். கொஞ்சத் தூரம் ஓடிய பிறகு பின்னாலிருந்து முனகல் வருகிறது என்று சொல்லி, அதைக் கூச்சமில்லாமல் போட்டும் காட்டினார். கையை வைத்துப் பார்த்தேன். பெற்றோல் மூடியையும் திறந்து பார்த்தேன். பம்பு பழசு, நடுக்கமும் கொஞ்சம் இருந்தது. பம்புதான் என்று சொல்லி மாற்றிவிட்டேன். டீச்சர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாளில் போன் வந்தது. சத்தம் அப்படியே இருக்கிறதாம்.

வாக்குக் கொடுத்தவன் நான். முதலாளி ஒன்றும் சொல்வதற்கு முன்பே கையைக் கழுவிவிட்டுக் கவுண்டரில் போய் இருந்தேன். சத்தம் பார்க்க இரத்மலானையிலிருந்து நுவன் என்று ஒருவரை எடுத்தார்கள். நல்ல காது, நல்ல சுபாவம், என்னை 'அய்யே', அதாவது அண்ணை, என்றுதான் கூப்பிடுவார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து நுவன் பின்சீற்றைத் தூக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அந்த ஏசிக் குளிரில் என் விரல்கள் விறைத்துப் போய்விடும் என்று நினைத்தேன். டீச்சர் காரைத் திரும்பக் கொண்டுவந்தபோது, இனி இவர்தான் பார்ப்பார் என்று முதலாளி நுவனைக் காட்டினார். டீச்சர் நுவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கவுண்டருக்கு வந்து கண்ணாடியில் தட்டினார். முதலாளிக்கும் கேட்கட்டும் என்று எனக்குச் சத்தமாகவே சொன்னார்: "பிழை விட்டது நீங்கள்தானே. அப்ப நீங்கள்தான் இதைச் செய்து முடிக்கவேணும்."

வட்டமாக வெட்டியது

முதலாளி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் எழுந்து போனேன். டீச்சர் ஓட்ட, நுவன் முன்னால், நான் பின்சீற்றின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பம்பு மூடியில் கை வைத்தபடி பின்னால். கடலோரப் பாதையில் பம்பலப்பிட்டிப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தோம். கொஞ்சத் தூரத்தில் டீச்சர் கையை உயர்த்தி, "இப்ப" என்று சொல்லி 'ம்ங்ஈஈ' என்று இழுத்தார். என் உள்ளங்கையிலும் பம்பு திணறுவது தெரிந்தது. புதுப் பம்பு ஏன் திணற வேண்டும்? நிறுத்தச் சொன்னேன். தண்ணீர்ப் போத்தலில் கையை நனைத்துக்கொண்டு, பெற்றோல் மூடியை மெதுவாகத் திருகி, விளிம்பில் கையை வைத்தேன். ஈரக் கையில் காற்றுச் சில்லென்று உள்ளே ஓடியது. நுவனுக்கு அது காதில் கேட்டிருக்கிறது. "அய்யே, ஹுலங் அதினவா" என்றார், காற்று இழுக்கிறது என்று. தெரியும் தம்பி, என் கையில் இருக்கிறது என்றேன்.

மூடியின் உள்பக்கத்தை நகத்தால் கிளப்பினேன். காற்றுப் போகும் துவாரத்தின்மேல் ஒரு பொலித்தீன் வட்டம். மூடியோடு வந்ததுபோல அவ்வளவு கச்சிதமாக வெட்டியிருந்தது. முதல் நாள் நான் அதைப் பார்த்தும் மூடியின் பாகம் என்றே நினைத்தேன். டீச்சர் முகம் சிவந்துவிட்டது. பெற்றோல் தட்டுப்பாட்டில் எல்லோரும் கியூவில் கிடந்த காலத்தில் ஆவியாகிப் போகக்கூடாதென்று அவர்தான் வெட்டி வைத்திருக்கிறார். அந்த நாட்களில் நாங்கள் எல்லோருமே ஏதோவொன்று செய்தோம், கட்டிலுக்குக் கீழே பெற்றோல் வைத்துப் படுத்தவர்களையும் எனக்குத் தெரியும். போன மாதம் பழைய வட்டம் கிழிய, தடித்த சொப்பிங் பேக்கில் புதிதாக ஒன்று வெட்டிப் போட்டிருக்கிறார். அது துவாரத்தை இறுக்கி அடைத்துவிட்டது. பெற்றோல் குறையக் குறைய உள்ளே போகக் காற்று இல்லை, பம்பு மூச்சுத் திணறியிருக்கிறது. முதல் நாள் நான் மூடியைத் திறந்தபோதே அது 'ஸ்ஸ்' என்று சொல்லியிருக்கும். காது கேட்கும் எவனும் அங்கேயே பிடித்திருப்பான். எனக்குக் கேட்கவில்லை. அதை நான் மறுக்கப்போவதில்லை, அதற்காகக் கண்ணாடிக்குப் பின்னால் போய் இருக்கப்போவதும் இல்லை.

திரும்பி வந்து, பழுதேயில்லாத பழைய பம்பையே டீச்சரின் காருக்குப் போட்டுக் கொடுத்தேன். பொலித்தீன் வட்டத்தை முதலாளியின் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். நான் விட்ட பிழையையும் சொன்னேன், இனிமேல் எந்த மூடியைத் திறந்தாலும் கையை நனைத்துத்தான் திறப்பேன் என்பதையும் சொன்னேன். கவுண்டருக்குத் திரும்பப் போக மாட்டேன், வாக்குத் தவறினவன் என்று சொல்லுவதென்றால் சொல்லுங்கள் என்றேன். நுவனுக்கு என்ன விளங்கியதோ, எனக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அவருடைய காதும் என் கையும் சேர்ந்தே இருக்கட்டும் என்று சிங்களத்தில் சொன்னார். முதலாளி பொலித்தீனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு வெறுமையாகக் கிடந்த கவுண்டர்க் கதிரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்: "அப்ப இந்தக் கவுண்டருக்கு நான் ஆரைப் பாக்கிறது?"

கதிரை இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது, முதலாளி இடைக்கிடை என்னைக் கூப்பிடுகிறார் என்று நுவன் சொல்கிறார், எனக்குத்தான் காது கேட்காதே.