கரும்பு வெட்டிய நேரம்

வெட்டிய கரும்பு சும்மா கிடப்பதில்லை. அதற்குள்ளேயே இருக்கும் ஒரு நொதி, சர்க்கரையை உடைத்துக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் ஆக்கிக்கொண்டே இருக்கும். வெட்டுவாய் வழியாக நுழையும் கிருமிகள் ஒரு பக்கம் புளிப்பையும் இன்னொரு பக்கம் கோந்தையும் உண்டாக்கும். இவற்றையெல்லாம் நான் ஒரு தாளில் நான்கு தொட்டிகளாக வரைந்து வைத்திருந்தேன். ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மடை. தொட்டியில் எவ்வளவு இருக்கிறதோ, வெயில் எவ்வளவு அடிக்கிறதோ, அதற்கேற்ப மடை பாயும். மணிக்கு மணி எவ்வளவு பாய்ந்தது என்று கால்குலேட்டரில் கூட்டிக் கழித்துக்கொண்டே போனால், எத்தனை நாளில் கரும்பு கெடும் என்று சொல்லிவிடலாம்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையின் ஆய்வகத்தில் அப்போது வேலை பார்த்தேன். சென்னையில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு வந்த திமிர் எனக்கு நிறையவே இருந்தது. கரும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. எங்கள் ஊர் களமருதூர்ப் பக்கம். அங்கே எங்களுக்கு நெல்தான்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருடங்கள் அவை. தியாகதுருகம் சாலையில் மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். நாலைந்து நாள் ஒரு வண்டியும் வரவில்லை. வழி திறந்ததும் கரும்பு மொத்தமாக வந்து குவியும், பழசைச் சேர்த்து அரைத்தால் பாகு சர்க்கரையாகக் கட்டாது என்று கரும்பு அதிகாரி பதறினார். "எத்தினி நாள் வரைக்கும் எடுத்துக்கலாம்? ஒரே ஒரு நம்பர் சொல்லும்மா" என்றார்.

மூன்று நாள் என்றேன். அதை ஆலை கேட்டில் இருந்த பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிவிட்டார்கள். என் கணக்கு ஊருக்கே சட்டமானதில் எனக்கு ஏக சந்தோஷம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொள்வேன்.

வழி திறந்த அன்று வடக்கனந்தலிலிருந்து ஒருவர் டிராக்டரில் கரும்பு கொண்டுவந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஆலை கொடுத்த சீட்டில் வெட்டிய தேதி ஆறு நாளைக்கு முந்தியது. கேட்டில் திருப்பிவிட்டார்கள். அவர் நேராக ஆய்வகத்துக்கு வந்து நின்றார்.

"நேத்துதாம்மா வெட்டினேன்."

அன்று காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். "சீட்டுல தேதி இருக்கே அண்ணா" என்றேன்.

"சீட்ட உடும்மா. அந்த மறியல்ல நானும்தான் குந்திக்கினு இருந்தேன். ரோடு அடைபடும்னு தெரிஞ்சவன் கரும்ப வெட்டிப் போட்டுக்கினு இருப்பானா?" என்றவர், கையிலிருந்த கரும்பை முழங்காலில் வைத்து உடைத்து ஒரு துண்டை நீட்டினார். "கடிச்சிப் பாரு. புளிச்சா நானே திருப்பி எடுத்துக்கினு போறேன்."

எனக்கு எரிச்சல் வந்தது. கருவி இருக்கும் இடத்தில் பல்லால் பார்க்கச் சொல்கிறாரே என்று நினைத்தேன். "இங்க அப்படியெல்லாம் பாக்கறதில்லைங்க" என்றேன். துண்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வருஷம் பூரா பாடுபட்டு விளைந்ததில் பாதி அந்த டிராக்டரில் இருந்தது. அதை வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்கு ஓட்டிப் போய் வந்த விலைக்குத் தள்ளிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

சாயங்காலம் மேசையைத் துடைக்கும்போது அந்தத் துண்டு கைக்குத் தட்டுப்பட்டது. சும்மா சாறு பிழிந்து, சர்க்கரை அளக்கும் போலாரிமீட்டரில் வைத்தேன். சர்க்கரை அப்படியே இருந்தது. ஆறு நாள் கரும்பு இல்லை அது.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. மடைகள் அளவுக்கு மீறி வேகமாகப் பாய்கின்றன போல என்று இரண்டு நாள் உட்கார்ந்து எண்களை மாற்றி மாற்றிப் போட்டேன். அவர் கரும்புக்குப் பொருந்தினால் மற்ற கரும்புக்குப் பொருந்தவில்லை. தேதி தப்பாக இருக்கலாம் என்று ஒரு தரம்கூடத் தோன்றவில்லை. அச்சடித்த சீட்டல்லவா.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வடக்கனந்தலுக்குப் பஸ் ஏறினேன். மேற்கே கல்வராயன் மலையில் மேகம் இறங்கியிருந்தது. வயலில் பாதிக் கரும்பு நின்றுகொண்டிருந்தது. அவர் மனைவி கரும்பின் காய்ந்த சோகைத் தாள்களை உரித்துக்கொண்டிருந்தார். கிழக்கு மூலை வரப்பில் ஒரே ஒரு கட்டு காய்ந்து கிடந்தது; மேலே மஞ்சளும் குங்குமமும்.

"இது இன்னாங்க தனியா?" என்று அந்தம்மாவிடம் கேட்டேன்.

"நல்ல நாள் பாத்து மொதக் கட்டு வெட்டிச் சாமி கும்புடுவோம்மா. ஆலை ஃபீல்டுமேன் வந்து அன்னிக்கே சீட்டு எழுதிட்டுப் பூடுவாரு. மீதிய ஆளு கெடைக்கிறப்பதான் வெட்டுவோம். இங்க எல்லார் வூட்லயும் அப்பிடித்தான்."

அந்தக் கட்டிலிருந்து இரண்டு கரும்பு கேட்டு வாங்கிவந்து பார்த்தேன். ஒன்பது நாள் கரும்பு. என் தாளில் ஒன்பதாம் நாளுக்கு என்ன இருந்ததோ, கிட்டத்தட்ட அதுவே வந்தது. கணக்கு சரி. எந்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும் என்பதுதான் தப்பு. படிக்கும்போது முதலில் எழுதச் சொல்வதே அதைத்தான்: ஆரம்பத்தில் என்ன இருந்தது, அந்த ஆரம்பம் எப்போது. அதை நான் ஒரு சாமிக்கட்டிடம் விட்டிருந்தேன்.

கரும்பு அதிகாரியிடம் சொல்லிப் பலகையை அழிக்கவைத்தேன். சந்தேகப்பட்ட வண்டிக்கெல்லாம் இனி ஒரு கரும்பு பிழிந்து பார்ப்பது என்று ஏற்பாடாயிற்று. மறுவாரம் அந்த வடக்கனந்தல்காரர் மீதிக் கரும்பைக் கொண்டுவந்தார். நானே கேட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். கூடவே, என் கணக்கு தப்பில்லை, தேதிதான் தப்பு என்றும் சேர்த்துக்கொண்டேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவர் முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை.

"அதெல்லாம் சரிம்மா. அன்னிக்கி ஒரு கடி கடிச்சிப் பாத்திருந்தா இன்னா?"

"பல் வலிங்க" என்றேன்.

"அப்பிடியா, தெரியாம பூட்ச்சே" என்று சொல்லிவிட்டு வண்டியை உள்ளே விட்டார். அவர் அதை நம்பிவிட்டார். எனக்கு ஒரு பல்லும் வலிக்கவில்லை.