மஃப்ளரைச் சுருட்டும் டாக்டர்

குன்னூரில் என் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்குக் குளிர் ஆகாது. மூக்கு தக்காளிபோல் சிவந்திருக்கும். ஆனாலும் மஃப்ளரைக் கழுத்தில் போட மாட்டார். மேசையில் வைத்து இறுக்கிச் சுருட்டுவார், பிரிப்பார், மறுபடி சுருட்டுவார்.

முதல் மருந்துக்கு என் கட்டி கரையவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, சுருட்டிய மஃப்ளரைக் காட்டினார்.

“செல்லுக்குள்ள மரபணு இப்படித்தாங்க சுருண்டிருக்கும். வேணுங்கற இடத்தைப் பிரிச்சுக் குடுக்க அங்கயே புரதம் இருக்குதுங்க. உங்க கட்டியில அது கெட்டுப்போச்சு. ‘வளராதே’ன்னு சொல்ற இடம் சுருண்டே கெடக்குதுங்க.”

“அப்பப் பிரிச்சு உடுங்க சாமி. அதுக்குத்தானே வந்திருக்கறேன்?”

“பிரிக்கற மருந்து இருக்குதுங்கம்மா. ஆனா மூடியிருக்க வேண்டிய இடத்தையும் சேத்துப் பிரிச்சுப் போடுமுங்க.”

“எம் பேரன் ஒரு ஸ்வெட்டருக்காகப் பீரோவையே கலைப்பானே, அந்த மாதிரியா?”

அவர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் எரிச்சல். இதைக் கேட்கவா மாசக்கணக்காக எஸ்டேட்டிலிருந்து பஸ் ஏறி வந்தேன்?

“எங்க, அந்த நடுச் சுத்தை மட்டும் பிரிச்சுக் காட்டுங்க, பாக்கலாம்!”

“அதுக்குத்தாங்க எல்லாரும் மண்டையை ஒடச்சுக்கறோம். அதுவரைக்கும் வேற மருந்து குடுத்துப் பாப்பமுங்க.”

மருந்துச் சீட்டோடு கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தேன். அடுத்த ஆளைக்கூடக் கூப்பிடாமல் நடுச் சுற்றை விரலால் இழுத்துக்கொண்டிருந்தார். மஃப்ளர் மொத்தமும் அவிழ்ந்து மடியில் விழுந்தது. “சே!” என்று மேசையில் ஓங்கி அடித்துவிட்டு, மறுபடி சுருட்ட ஆரம்பித்தார்.

எனக்காக அப்படிக் கோபப்பட்ட ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.