மொக்கு என்று நான் சொன்னது

அண்மையில் எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் ஒரு வாக்குவாதம். பிள்ளைகளை மொக்கு, மாடு என்று ஏசலாமா கூடாதா என்பதுதான் கதை. "நாங்களும் ஏச்சு வாங்கித்தானே படிச்சனாங்கள். என்ன, செத்தே போனம்?" என்றார் விஞ்ஞானம் படிப்பிக்கிற சேர். நான் கொப்பி திருத்துகிற சாட்டில் குனிந்தே இருந்தேன். இந்த விஷயத்தில் வாய் திறக்கிற தகுதி எனக்கு இல்லை.

நான் கணிதம் படிப்பிக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம். மொக்கு என்பது என் வகுப்பில் வெண்கட்டி மாதிரி, எப்போதும் கையில் இருக்கும். அதில் யாருக்கும் பாரபட்சம் காட்டியதில்லை. நான் சொல்ல வகுப்பு சிரிக்கும், வாங்கிக் கட்டிக்கொண்ட பிள்ளையும் சிரிக்கும். அது யாரையும் சுடும் என்று நான் நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நினைத்துப் பார்க்கவே இல்லை.

சில வருடங்களுக்கு முன் பதினோராம் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். தகப்பனுக்கு மற்றவர்களின் வயலில் கூலி வேலை. நான் ஏசினால் எல்லோரையும் விடப் பெரிதாகச் சிரிக்கிறவள் அவள்தான். சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கையில் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அவளுடைய அனுமதி அட்டையை எடுத்துக்கொண்டு நான் ஸ்கூட்டியில் அவள் வீட்டுக்குப் போனேன். போகும்போது என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

தாய் ஓடிவந்து கதிரையைத் துடைத்துப் போட்டார். குசினியிலிருந்து பிளேன்ரீ வந்தது. பிள்ளை குசினி வாசலில் நின்றாள்.

"ஏனம்மா பிள்ளையை மறிச்சு வச்சிருக்கிறீங்கள்? சோதினை வருகுதெல்லோ," என்றேன்.

தாய்க்குக் கோபம் ஒன்றும் இல்லை. "நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, அவ மொக்குன்னு. வந்து சொன்னா. நாங்க படிக்காதவங்க, எங்களுக்கு என்ன தெரியும்? டீச்சரே சொன்ன பொறகு அந்தப் புள்ளைய எதுக்கு வதைக்கணும்? அக்காகூட கார்மென்ட்ஸுக்கு வேலைக்கு அனுப்பலாம்னு அவங்க அப்பா சொல்லிட்டாரு."

வகுப்பில் சிரிப்புக்காகச் சொன்னதை இந்த வீட்டில் வைத்தியர் சொன்ன முடிவாக எடுத்திருக்கிறார்கள்.

"அது சும்மா ஏசினது அம்மா. இவள் மொக்கில்லை. போன தவணை கணிதத்தில ஐம்பத்தெட்டு எடுத்தவள். கட்டாயம் பாஸ் பண்ணுவாள்."

தாய் மகளைப் பார்த்தார். மகள் நிலத்தைப் பார்த்தாள். "பாத்து எழுதியிருப்பா டீச்சர்," என்றார் தாய், மகளுக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில்.

இல்லை, அவளே போட்ட கணக்குகள் என்றேன். நான் சொன்னதுதான் பிழை என்றேன். இத்தனை வருடத்தில் எந்தப் பிள்ளைக்கு முன்னாலும் நான் சொல்லாத வசனம் அது. தாய் நம்பவில்லை. "எங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க டீச்சர்," என்று அட்டையை இரண்டு கைகளாலும் வாங்கிச் சாமிப் படத்தடியில் வைத்தார்.

பிள்ளை என்னை வழியனுப்பப் படலை வரை வந்தாள். "திங்கட்கிழமை வா," என்றேன். "ஓம் டீச்சர்," என்று சிரித்தாள். வகுப்பில் சிரிக்கிற அதே சிரிப்பு. இவ்வளவு காலமும் அதைச் சந்தோஷம் என்று நினைத்திருந்தேன் என்பது வெட்கமாக இருந்தது.

அவள் வரவில்லை. பரீட்சையின் முதல் நாள் காலையில் மண்டப வாசலில் காத்து நின்றேன். கார்மென்ட்ஸ் பஸ்ஸில் அக்காவோடு போனதைக் கண்டதாக வகுப்புப் பிள்ளைகள் சொன்னார்கள்.

சில மாதங்களுக்குப் பின் மாங்குளம் சந்திக் கடையொன்றில் தாயைக் கண்டேன். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, கடைக்காரரிடம் என்னைக் காட்டிச் சொன்னார்:

"எங்க புள்ளையோட டீச்சர். உள்ளத உள்ளபடி சொன்னாங்க. இல்லாட்டி அவள இன்னும் படிக்க வச்சுக்கிட்டு இருந்திருப்போம்."