குளத்து அறையில் காய்ந்த யூனிபார்ம்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பெரிய வீட்டுக்குள் இருக்கும் நீச்சல் குளத்தை நான்தான் பராமரிக்கிறேன். அந்த அறையின் ஈரத்தை உறிஞ்ச ஒரு மெஷின் ஓடும். மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் துணி காயாததால், யாருக்கும் தெரியாமல் அதன்மேல் போட்டுக் காயவைத்தேன். மெஷினில் காற்றுப் போகும் வழி அடைபட்டு, அறையில் ஈரம் தங்கி, மரக்கூரையில் பூஞ்சை பிடித்தது. "மெஷின் பழசாயிடுச்சு சேச்சி" என்று வீட்டுக்கார அம்மாவிடம் கூசாமல் பொய் சொன்னேன்.

மெஷினைப் பார்க்க அவரே வந்துவிட்டார். அதன்மேல் என் மகளின் ஸ்கூல் யூனிபார்ம் கிடந்தது. அதன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"நாளைக்கு மோளுக்கு ஸ்கூல் உண்டல்லோ. இது இன்னும் நனஞ்சிருக்கே" என்று திருப்பிப் போட்டுவிட்டுப் போனார். கூரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் அந்த யூனிபார்மில் மகள் டாட்டா காட்டியபோது, என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.